நாளைக் கவலையை இறக்கி வைப்பது எப்படி? ரங்கூனிலிருந்து, விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு

எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இந்த இரண்டு மூன்று வருஷமாக ஏறக்குறைய ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "ஆன்ட்டி, ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. அடுத்த வருஷம் என்ன ஆகும், அம்மாவை யார் பார்ப்பார்கள், வெளியே போக முடியுமா, போனாலும் போய் என்ன செய்வது, இதுவே மண்டைக்குள் ஓடுகிறது. கர்த்தரை நம்பினால் கவலை போய்விடும் என்கிறீர்களே, எப்படிப் போகும்? நான் என்ன செய்ய வேண்டும்?"

நியாயமான கேள்வி. கவலைப்படாதே என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம், எப்படி என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் நான் பல வருஷம் வீணாகக் கஷ்டப்பட்டேன். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பர்மியர்கள் ஒருவரை ஆறுதல்படுத்தும்போது "சேய் மபூனே" என்பார்கள். மனசு சூடாக வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். நம் வீட்டு அம்மாக்களோ, பிள்ளை வீடு திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பார்கள். இரண்டு பாஷையிலும் கவலை சூடுதான். கொதிக்கிற பானையைப் பார்த்து ஆறு ஆறு என்று சொன்னால் அது ஆறாது, அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். கீழே நான் எழுதுவது எல்லாம் அந்த இறக்குகிற வேலையைப் பற்றித்தான். ஒரே நாளில் முடிகிற வேலையும் இல்லை, முதல் வாரத்தில் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

தொடங்கும் முன் ஒன்று: கவலைப்படுவது உங்கள் விசுவாசம் செத்துவிட்டதற்கு அடையாளம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். கெத்செமனே தோட்டத்தில் இயேசு, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று தம்முடைய சிநேகிதரிடம் வாய்விட்டுச் சொன்னார். நம் ஊருக்கு 1813-இல் வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள், பர்மிய வேதாகமத்தைத் தந்த மனுஷர். மனைவி 1826-இல் இறந்த பிறகு தனக்கென்று ஒரு குழியைத் தோண்டி அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தார், அவ்வளவு இருட்டு அவருக்குள். அவரையும் தேவன் கைவிடவில்லை. 1834-இல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் முடித்துவிட்டார்.

முதல் படி: உங்கள் பயத்துக்குப் பெயர் வையுங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். செல்போன் வேண்டாம், அதை எடுத்தால் வேறு எங்காவது போய்விடுவீர்கள். "எதிர்காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்று எழுதினால் போதாது, அது புகை மாதிரி, பிடிக்க முடியாது. தோண்டுங்கள். எதிர்காலத்தில் எது? வேலையா? சரி, வேலையில் எது? ஆறு மாதம் கழித்து இந்தக் கடையை மூடிவிட்டால் வாடகை கொடுக்க முடியாது. ஆமாம், இதுதான். இதை எழுதுங்கள்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு தம்பி முதல் தடவை எழுதியபோது பதினான்கு பயம் வந்தது. 2024 பிப்ரவரி 10-ஆம் தேதி கட்டாய ராணுவ சேவைச் சட்டம் அமலுக்கு வருகிறது என்று அறிவித்தார்களே, 18 முதல் 35 வயது வரை ஆண்கள் என்று, அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போனது. ஆனால் எழுதிப் பார்த்தபோது அதையும் விட மேலே வேறொன்று இருந்தது: அப்பாவிடம் கோபித்துப் பேசிய பேச்சு அப்படியே நிற்கிறது, அதைச் சரி செய்யாமலேயே பிரிந்து போய்விடுவோமோ என்று. அந்தப் பயத்துக்கு அன்று மாலையே ஒரு வழி இருந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்தான். மீதி பதின்மூன்றும் அப்படியேதான் இருந்தன, ஆனாலும் அன்று தூங்கினான்.

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம், என் கை எட்டுகிறது. வலது பக்கம், என் கை எட்டாது. ஒவ்வொரு பயத்தையும் ஏதாவது ஒரு பக்கத்தில் போடுங்கள். வெளியே யார் கண்ணிலும் படக்கூடாத விஷயம் ஏதாவது இருந்தால் அதைத் தாளில் எழுதாமல் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள், கர்த்தருக்குத் தெரியும், நம் காலம் அப்படி இருக்கிறது.

இடது பக்கத்துக்கு வேலை செய்ய வேண்டும். வலது பக்கத்துக்குத்தான் ஜெபம் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டுக்கும் ஜெபம்தான், ஆனால் இடது பக்கத்தில் இருப்பதை வலது பக்கத்தில் தள்ளிவிட்டு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று உட்காருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்து வாங்கப் போகாமல் ஜெபித்துக்கொண்டிருப்பது விசுவாசம் ஆகாது.

இரண்டாம் படி: அழகாக ஜெபிக்காதீர்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய தடை. சபையில் மூப்பர்கள் ஜெபிப்பதைக் கேட்டுவிட்டு, பரிசுத்தமும் மகிமையும் கனமும் என்று தொடங்க வேண்டும் போல என்று நினைத்து வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறார்கள். 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது நேராகக் கேட்கிறான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஆறே வசனம் உள்ள சங்கீதம், கடைசிக்கு வரும்போது பாடுகிறான். சொல்லி முடித்த பிறகுதான் பாட்டு வந்தது.

ஆகவே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியதை அப்படியே வாசியுங்கள். "ஆண்டவரே, வாடகைக்குப் பயமாக இருக்கிறது. தம்பிக்குப் பயமாக இருக்கிறது. உம்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருக்கிறது." அவ்வளவுதான், இதுவே ஜெபம்.

எந்த மொழியில் என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது, பள்ளிக்கூடம் எல்லாம் பர்மிய மொழியில்தான். பாட்டி தமிழ் பைபிளைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவதிலேயே மனசு போய்விடும். வெட்கப்படாமல் ஜட்சன் பைபிளை வாசியுங்கள், ராத்திரி இரண்டு மணிக்குப் பயம் உங்களோடு எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியிலேயே கர்த்தரோடு பேசுங்கள். தமிழைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும், அது வேறு கதை.

பிலிப்பியர் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார்: "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." இதை அவர் விலங்கு போட்டிருந்த நிலையில் எழுதினார், தீர்ப்பு எப்படி வரும் என்று அவருக்கே தெரியாது. ஸ்தோத்திரம் என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் இன்று கிடைத்தவை மூன்றை எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்டு இருந்தது, மாடிக்குத் தண்ணீர் ஏறியது. பக்கத்து வீட்டு பர்மிய அம்மா ஒரு கிண்ணம் மொஹிங்கா கொடுத்தார்கள். போதும்.

மூன்றாம் படி: இறக்கி வைப்பது, மறுபடியும் இறக்கி வைப்பது

"அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." பேதுரு எழுதிய முதல் நிருபம், 5-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனம். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் பரவாயில்லை.

என் தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், இங்கே துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கியவர். அவர் ஊரைப் பற்றிச் சொல்லும்போது சுமைதாங்கிக் கல்லைப் பற்றிச் சொல்வார். இந்த ஊரில் பிறந்த நான் அதைப் பார்த்ததே இல்லை. பாதை ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்களாம், தலை உயரத்துக்கு. பிரசவத்தில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது. தலைச்சுமையோடு தனியாக வருகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசியுங்கள். கீழே இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். அந்தக் கல் இருந்தால் யாரையும் எதிர்பார்க்காமல், நின்ற நிலையிலேயே சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, கழுத்தை நிமிர்த்தி மூச்சு விடலாம்.

அவர்மேல் வைத்துவிடுங்கள் என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. உங்கள் வலது பக்கத்துப் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் "இதை உம்மேல் வைக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் உதடு அசைத்தாலும் போதும். பிறகு தாளை மடித்து பைபிளுக்குள் வைத்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். அரை மணி நேரத்தில் அதே பயம் திரும்ப வரும். கண்டிப்பாக வரும். அப்போது, நான் கொடுத்தது கர்த்தர் வரைக்கும் போய்ச் சேரவில்லை, எனக்கு விசுவாசம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் பழக்கத்தில் சுமையைத் திரும்ப எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். திரும்ப இறக்குங்கள். முதல் வாரத்தில் நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை இறக்கியிருப்பேன். சட்டி தேய்க்கும்போது, படகில் டலாவுக்குப் போகும்போது, சந்தையில் வெங்காயம் பொறுக்கும்போது. நாற்பது தடவை முப்பதாகி, அப்புறம் பத்தாகி, எப்போது குறைந்தது என்று எனக்கே தெரியாமல் குறைந்தது. நின்றுபோனது என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கும் சில ராத்திரி வருகிறது.

நான்காம் படி: ஒரு நாள் அளவு

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாம் மாறியது இங்கேதான்.

இஸ்ரவேல் ஜனங்களுக்கு வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதை யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றைக்கு மட்டும். நாளைக்கு என்று எடுத்து வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாள் இரண்டு மடங்கு எடுக்கச் சொன்னார், ஓய்வுநாளுக்காக, அது மட்டும் கெடவில்லை. சேர்த்து வைப்பதே தப்பு என்று இந்தக் கதை சொல்லவில்லை, பார்த்தீர்களா. யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்துத்தான் பஞ்சத்தில் ஜனங்களைக் காப்பாற்றினான், அதுவும் தேவன் காட்டிய வழிதான்.

அப்படியானால் திட்டமிடுவதற்கும் கவலைப்படுவதற்கும் என்ன வித்தியாசம்? நான் இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்: இந்த யோசனையின் முடிவில் நான் இன்று செய்யக்கூடிய வேலை ஏதாவது ஒன்று கிடைக்கிறதா? கிடைத்தால் அது திட்டம், எழுதிவைத்துச் செய்யுங்கள். சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறதா? அது கவலை, வலது பக்கத்தில் போட்டு இறக்கிவிடுங்கள். "கவலைப்படுகிறதினாலே உங்களில் எவன் தன் சரீர அளவோடு ஒரு முழத்தைக் கூட்டுவான்?" என்று இயேசு கேட்டது இதைத்தான்.

எங்கள் அப்பா சூரத்தி பஜாரில் மசாலா சாமான் வியாபாரம் செய்தார், இப்போது தெயின்ஜி ஸே என்கிறோமே, அங்கே. எதிர்காலத்தை நினைத்து நடுங்குகிற மனுஷர். அவரைக் குறை சொல்ல முடியாது, 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது சின்னப் பையனாக எல்லாவற்றையும் பார்த்தவர், 1964-இல் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியபோது பக்கத்துத் தெரு முழுக்க மெட்ராஸ் கப்பலில் ஏறிப் போனதையும் பார்த்தவர். மெட்ராஸ் பாரிமுனையில் பர்மா பஜார் என்று இருக்கிறதே, அப்படிப் போனவர்கள் பிழைக்கப் போட்ட கடைகள்தான் அவை. எங்கள் குடும்பம் போகவில்லை. அப்பா பால் டின்னில் பணம் சேர்த்தார், இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் நோட்டாக. அந்த டின்னை நினைத்துத்தான் தூங்கினார் என்று அம்மா சொல்வார்கள். 1987 செப்டம்பரில் ஒரு நாள் அந்த மூன்று நோட்டும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது, மாற்றித் தரவும் இல்லை.

அன்று ராத்திரி அப்பா டின்னைத் திறந்து நோட்டுகளைத் தரையில் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பேச்சே வரவில்லை. அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்கள், அரிசி இருந்தது, கொஞ்சம் கருவாடு இருந்தது. சாப்பிடும் முன் அம்மா எப்போதும் போலப் பரமண்டல ஜெபம் சொன்னார்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." இன்று என்கிற வார்த்தை அதில் இருப்பதை என் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன். தட்டில் சோறு இருந்தது. இன்று என்று கேட்டதற்கு இன்றே பதில் இருந்தது.

ஆகவே பழக்கம் இதுதான். காலையில் எழுந்ததும், டீக்கு முன்னால், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஆண்டவரே, இன்று ராத்திரி வரைக்கும் எனக்கு என்ன வேண்டும்? அரிசியா, பொறுமையா, ஒரு ஆளிடம் பேசத் தைரியமா. அதை மட்டும் கேளுங்கள். டிசம்பர் மாதத்துக்கான தைரியத்தை ஜூன் மாதத்தில் கேட்டால் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுவோம். டிசம்பர் வரும்போது டிசம்பருக்கான கிருபை வரும். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் புத்தகத்தில், அதுவும் ஊரே எரிந்துபோன பிறகு எழுதிய புத்தகத்தில், அவருடைய இரக்கங்களைப் பற்றி எழுதியிருக்கிறது. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னதை வாசித்திருப்பீர்கள். பாடு இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாடு உண்டு, அன்றன்றைக்குப் படுங்கள் என்கிறார்.

ஐந்தாம் படி: தெரிந்துகொள்ளத் துடிப்பதை நிறுத்துங்கள்

நம் ஊரில் எல்லாருக்கும் தான் பிறந்த கிழமை தெரியும். பர்மிய வழக்கத்தில் புதன்கிழமையைக் காலை மாலை என்று இரண்டாக்கி, வாரத்துக்கு எட்டு நாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகம், ஒரு மிருகம். வியாபாரம் தொடங்கவும் வெளிநாடு போகவும் பேடின் சயாவிடம், அதாவது பர்மிய ஜோசியரிடம், போய்க் கேட்பது இங்கே சாதாரணம், நம் தமிழ் வீடுகளிலும் ஜாதகம் பார்ப்பார்கள். அவர்களை நான் ஏளனம் செய்யவில்லை, பயந்த மனசு எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் பார்க்கும். ஆனால் கிறிஸ்துவிடம் வந்த பிறகு இதை விடச் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்குத் தீனி போட்டால் அது அடங்காது, இன்னும் கேட்கும்.

இதே ஆசை பைபிளை வைத்துக்கொண்டும் வரும் என்பதுதான் நான் சொல்ல வருகிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நல்ல பழக்கம், எனக்கும் பிடிக்கும், என் பழைய அட்டைகளை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் வந்த வசனம் பிடிக்கவில்லை என்று இரண்டாவது தடவை கையை விட்டு எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது, ஏனென்றால் அப்போது அது கிளி ஜோசியத்திலிருந்து எந்த வகையிலும் வேறுபடவில்லை.

அந்த அட்டைகளில் அதிகமாக வருவது எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் உள்ள வசனம் அது. அட்டையில் அதற்கு முந்தின வசனம் இருக்காது. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு திரும்பக் கொண்டுவருவேன் என்று அதில் எழுதியிருக்கிறது. கடிதத்தை வாங்கி வாசித்த பெரியவர்களில் பலர் அந்த நாளைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அவர்களுக்குக் கர்த்தர் சொன்னது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். மூன்று நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருந்தும் இது நம் ஊரா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கடிதம் இல்லை. முழு அதிகாரத்தையும் ஒரு தடவை உட்கார்ந்து வாசியுங்கள்.

அப்புறம் செல்போன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செய்தி பார்க்காதீர்கள். அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது. தெரிய வேண்டிய செய்தி காலையிலும் தெரியும்.

ஆறாம் படி: உடம்பைக் கவனியுங்கள்

எலியா தீர்க்கதரிசி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். இரண்டாம் தடவையும் அதேதான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பகலில் கொஞ்ச தூரம் நடங்கள், சாயங்காலத்துக்கு மேல் கெட்டி டீயைக் குறையுங்கள். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள், தனியாகப் போகாமல் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஜெபிக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிற மூப்பரிடம் உங்கள் விசுவாசம் எங்கே என்று நாம் கேட்பதில்லையே.

ஏழாம் படி: இன்றைய வேலையைச் செய்யுங்கள்

எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. ஊர் விழப் போகிறது என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் எரேமியா, அதைச் சொன்னதற்காகத்தான் காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருக்கிற தன் உறவினரின் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி எடை போட்டுக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகளை வைத்து, பத்திரத்தில் முத்திரை போட்டு, அது அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். கணக்குப் பார்க்கிற எவரும் செய்யாத வேலை. நாளைக்கு நிலம் யார் கையில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் இன்றைக்குக் கர்த்தர் செய்யச் சொன்னது வாங்குவது, அதனால் வாங்கினார்.

ஜட்சன் ஐயருக்கும் அப்படித்தான். வந்து ஆறு வருஷம் கழித்து, 1819-இல்தான், முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார். அதுவரை மொழியைப் படித்தார், மொழிபெயர்த்தார். 1824-இல் ஆங்கிலேயரோடு சண்டை வந்து, அப்போதைய தலைநகரான ஆவாவில் அவரைச் சிறையில் போட்டபோது, கையெழுத்துப் பிரதியாக இருந்த புதிய ஏற்பாட்டை அவர் மனைவி ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார், யாருக்கும் எடுக்க ஆசை வராதபடி அவ்வளவு கரடுமுரடான தலையணை. அதையும் ஒரு நாள் பிடுங்கி வீசிவிட்டார்கள், ஒரு விசுவாசி அதை ஞாபகத்துக்காக எடுத்துக்கொண்டு போனார், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே. அப்படித்தான் அது தப்பியது.

உங்களுக்கு இது என்னவாக இருக்கும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதிர்காலமே இல்லை, படித்து என்ன பயன் என்று சொன்ன ஒரு பெண் இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தருகிறாள். இன்னொருவர் மாடியில் பழைய பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலை வைத்திருக்கிறார், அது தழைத்துக் கிடக்கிறது. நாளைக்கு வீடு மாறினால் யார் பறிப்பார்கள் என்று அவர் கேட்பதில்லை. தாளின் இடது பக்கத்திலிருந்து ஒன்று, ஒன்றே ஒன்று, இன்றைக்குச் செய்யுங்கள்.

எட்டாம் படி: தனியாகச் சுமக்காதீர்கள்

மோசேயின் கை அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்கிறவனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். உங்களுக்கும் இரண்டு பேர் வேண்டும். பத்துப் பேர் வேண்டாம், இரண்டு பேர். வெளியே பேசாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு தடவை சந்தித்து, தாளில் இருப்பதை ஒருவருக்கொருவர் வாசித்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்துவிட்டுப் போங்கள், ஒரு மணி நேரம் போதும்.

கேட்கிற பக்கத்தில் நீங்கள் இருந்தால் தயவுசெய்து "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்லாதீர்கள். நடக்குமா என்று உங்களுக்குத் தெரியாது. 2025 மார்ச் 28-ஆம் தேதி நிலநடுக்கம் வந்தபோது மண்டலே, சகாயிங் பக்கம் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள், பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒளிந்தார்கள். "நான் இருக்கிறேன், நாளைக்குச் சாயங்காலம் வருகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போங்கள்.

பயந்தது நடந்துவிட்டால்?

இதைக் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை. சரி, என் கதையையே சொல்கிறேன்.

ஏறக்குறைய பத்து வருஷம் நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு: வீட்டுச் சொந்தக்காரர் ஒரு நாள் வீட்டைக் காலி செய்யச் சொல்வார், எங்களுக்குப் போக இடம் இருக்காது என்று. ஒவ்வொரு வருஷமும் வாடகைப் பேச்சு வரும் மாதத்தில் எனக்குச் சாப்பாடு இறங்காது. மனசுக்குள்ளேயே அந்த வீட்டை நான் நூறு தடவை காலி செய்திருப்பேன், ஒரு தடவைகூட அந்தக் கற்பனையில் கர்த்தர் கூட வரவில்லை, நான் தனியாகவே தெருவில் நின்றேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அது நடந்தது. ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். நல்ல மழை, என் வீட்டுக்காரர் உடம்பு சரியில்லாமல் இருந்தார், கையில் முன்பணத்துக்குப் போதுமான காசு இல்லை. நான் பயந்ததைவிட மோசமான நேரத்தில்தான் வந்தது. அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முப்பது நாளும் ஒவ்வொரு நாளாகத்தான் வந்தது. ஒரு நாள் சபையிலிருந்து இரண்டு தம்பிகள் வந்து கட்டிலைப் பிரித்துக் கட்டினார்கள். ஒரு நாள் ஒரு புத்தமதத்து அக்கா தனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள், முன்பணத்துக்கும் அவர்களே பேசிக் குறைத்தார்கள். ஒரு நாள் ஒன்றுமே நடக்கவில்லை, அன்றைக்குச் சும்மா ஜெபித்துவிட்டுப் படுத்தேன்.

புது இடம் பழையதைவிடச் சின்னது, கூரை ஒரு மூலையில் ஒழுகும். முதல் ராத்திரி கரண்டு இல்லை. பெட்டிகளுக்கு நடுவில் பாயை விரித்து, ஒழுகுகிற மூலையில் சட்டியை வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று பேரும் சோறு சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர், "ஜெபம் பண்ணு" என்றார். பரமண்டல ஜெபம் சொன்னேன். இன்று என்கிற வார்த்தை வந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, என் மகள்தான் மீதியைச் சொல்லி முடித்தாள்.